துளைக்குள் நீலம்

அத்தியாயம் 14

சின்னத் தொட்டி இருபது லிட்டர் பிடிக்கும் என்று தகட்டில் பொறித்திருந்தது. பெரியவள் நம்பவில்லை. லிட்டர் குவளையை எடுத்து வந்தாள்.

"ஒண்ணு" என்று ஊற்றினாள்.

தொட்டியை விற்க வந்தவன் சின்னவளின் தம்பி. பட்டறை வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, பொண்ணு பார்க்கப் போனாக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க."

"பொண்ணு முதுகுல தகடு அடிச்சிருக்க மாட்டாங்க. ரெண்டு."

பதினாறாவது குவளையில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. பதினேழாவது தரையில் ஓடியது.

"பதினாறு" என்றாள் பெரியவள்.

"உள்ள ரப்பர் ஒட்டறதுக்கு முன்னாடி அளந்தது அக்கா. ரப்பர் கொஞ்சம் இடத்தைச் சாப்பிடும்."

"நாலு லிட்டரா?"

"பசி ஜாஸ்தி."

அவன் மட்டும் சிரித்தான்.

பெரியவளைப் பட்டறையில் லென்ஸ் என்பார்கள். பதினோரு வருஷமாக இங்கே சோதனை மேசை அவளுடையது. கண்ணில் உருப்பெருக்கியை மாட்டினாள் என்றால் முடியளவு கீறலும் தப்பாது. பித்தளை கடையும் லேத்து இரண்டு: அவள் கணவருடையது ஒன்று, கொழுந்தனாருடையது ஒன்று. பெரியவர், சின்னவர். சின்னவரின் மனைவி சின்னவள். அவள் வந்து நான்கு வருஷம்; கம்பெனிகளோடு பேசுவதும் சாமான் வாங்குவதும் அவள் பொறுப்பு.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். தண்ணீர் மீட்டர் செய்யும் கம்பெனி ஐந்து பெட்டிச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. விரல் நுனி அளவுப் பித்தளைப் புஷ். நடுவில் ஒரு துளை, பக்கவாட்டில் இன்னொரு சின்னத் துளை. கடைந்து வெட்டிய விளிம்பிலெல்லாம் பிசிறு நின்றது. பிசிறு உதிர்ந்து மீட்டருக்குள் விழுந்தால் பல்சக்கரம் நின்றுவிடும். மாதம் நாற்பதாயிரம் புஷ்ஷை அரத்தால் ராவிக்கொண்டிருக்க முடியாது. பிசிறு எடுக்கும் மெஷின் போட்டால் ஒரு வருஷ ஆர்டர், இல்லாவிட்டால் வேறு பட்டறை என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனி ஆள் வருகிறார். இரண்டு லேத்திலிருந்தும் தன் கையாலேயே புஷ் எடுப்பார். மெஷினில் போடுவார். எடுத்துப் பார்ப்பார்.

இன்று சனிக்கிழமை.

மெஷின் பெரிய விஷயமில்லை. ஒரு தொட்டி. அடியில் மோட்டாரும் ஸ்பிரிங்கும். தொட்டிக்குள் முக்கோணக் கல், சோப்புத் தண்ணீர், புஷ். மோட்டாரைப் போட்டால் தொட்டி அதிரும். கல்லும் புஷ்ஷும் உரசி உரசிச் சுற்றும். மூன்று மணி நேரத்தில் பிசிறு போயிருக்க வேண்டும்.

எந்தத் தொட்டி என்பதில்தான் வீடு இரண்டாகி நின்றது. சின்னவள் காட்டியது சின்னத் தொட்டி. புதியது, கைக்கு எட்டும் விலை. பெரியவர் காட்டியது பெரிய தொட்டி. இரண்டு தெரு தள்ளி மூடிக் கிடக்கும் பட்டறையில் இருந்தது. பழையது, ஆனாலும் மூன்று மடங்கு விலை.

"அவ தம்பி விக்கிற மெஷின். அவன் திருடன். அவ வேற எப்படிச் சொல்லுவா?" என்று பெரியவர் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது சொன்னார். சட்டை மாட்டும்போது சொன்னார். பெரியவளுக்கு அது மனத்தில் ஊறிப்போயிருந்தது.

"மோட்டார் நிக்காம எத்தனை நேரம் ஓடும்?" என்று கேட்டாள்.

"மூணு மணி நேரம். அப்புறம் அரை மணி ஆறணும்."

"ஆற விடலைன்னா?"

"தானா நின்னுடும்."

"தானா நிக்கிறதா, செத்து நிக்கிறதா?"

"அக்கா!"

சின்னவள் உள்ளேயிருந்து வந்தாள். தரையில் ஓடிய தண்ணீரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"பதினாறுன்னா பதினாறுன்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன இருக்கு?"

"தகடு நானா அடிச்சேன்?"

"நீ போ. சாயங்காலம் அஞ்சு மணிக்கு முடிவு சொல்றோம்."

அவன் போனான். சின்னவள் துடைப்பத்தை எடுத்தாள்.

"அக்கா, பதினாறே நமக்குத் தாராளம். முக்கால் பங்கு கல்லு, கால் பங்கு புஷ். வாய் வரைக்கும் ரொப்பக் கூடாது, ரொப்பினா சுத்தாது. ஒரு தடவைக்கு ஆயிரம் புஷ்னு வச்சாக்கூட, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஓட்டினாப் போதும்."

பதில் விரல் நுனியில் இருந்தது. அதுதான் பெரியவளுக்குப் பிடிக்கவில்லை. கேள்வி வருவதற்கு முன்பே தயாரித்து வைத்த பதில்.

"நல்லாப் படிச்சு வச்சிருக்கே" என்றாள்.

சின்னவள் தண்ணீரைத் தள்ளினாள்.

சோதனை பெரியவள் வைத்ததுதான். புதன்கிழமை இரண்டு லேத்தின் தட்டிலிருந்தும் புஷ் எடுத்தாள். பாதி பெரியவருடையது, பாதி சின்னவருடையது. கலந்து, ஐம்பது ஐம்பதாக இரண்டு பொட்டலம் கட்டினாள். ஒன்று நேற்று இங்கேயே, எல்லோர் கண் முன்னாலும், சின்னத் தொட்டியில் ஓடியது. இன்னொன்றைப் பெரியவர் வியாழக்கிழமையே எடுத்துப்போய்ப் பெரிய தொட்டியில் ஓட்டிக் கொண்டுவந்தார்.

இப்போது இரண்டையும் மேசையில் பிரித்தாள். உருப்பெருக்கியை மாட்டினாள்.

பெரிய தொட்டிப் பொட்டலத்தில் ஐம்பதும் சுத்தம். விளிம்பில் விரலை ஓட்டினால் வெண்ணெய்.

சின்னத் தொட்டிப் பொட்டலத்தை எண்ணிப் பிரித்தாள். இருபத்தைந்து சுத்தம். இருபத்தைந்தில் பிசிறு அப்படியே நின்றது. கொஞ்சம் மழுங்கியிருந்தது, போகவில்லை.

பெரியவர் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன சொல்லுது லென்ஸ்?"

"உங்க தொட்டி அம்பதுக்கு அம்பது. அவ தொட்டி பாதி."

"சொன்னேனா இல்லையா?" குரலை உயர்த்தினார். சின்னவள் காதில் விழ வேண்டும் என்று. "பாதிக்குப் பாதி! தகட்டுல பொய், மோட்டார்ல பொய். நாளைக்கே வண்டி பேசி என் தொட்டியை இங்க இறக்கிடறேன். கரண்ட்டைக் கொடுத்தா திங்கக்கிழமை ஓடும்."

சின்னவள் வந்து நின்றாள். பிசிறு நின்ற குவியலைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஒரே தொட்டி. ஒரே கல்லு. ஒரே நேரம். பாதி எப்படி மாமா சுத்தமாகும், பாதி எப்படி ஆகாம இருக்கும்?"

"உன் தம்பியைக் கேளும்மா."

"கேக்கறேன்" என்றாள். ஆனால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்விட்டாள்.

கேள்வி நியாயமானது என்று பெரியவளுக்குத் தோன்றியது. தோன்றியதே எரிச்சலாக இருந்தது.

அவளிடம் இன்னொரு சோதனை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பொட்டலம் கட்டுமுன், தகட்டில் அளவுக்கோடு போட வைத்திருக்கும் நீல மையை எடுத்து, ஒவ்வொரு புஷ்ஷின் பக்கத்துளைக்குள்ளும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். நூறு புஷ், நூறு பொட்டு. சோப்புத் தண்ணீரும் கல்லின் கரைசலும் உள்ளே போனால் மை தங்காது. வெளியே மட்டும் பூசி மெழுகிக் கொடுத்தால் மை காட்டிக்கொடுக்கும். சின்னவளின் தம்பிக்காக வைத்த பொறி அது.

சின்னத் தொட்டிப் பொட்டலத்தில் ஒரு புஷ்ஷை விளக்கடியில் பிடித்தாள். துளைக்குள் மஞ்சள் பித்தளை. அடுத்தது. அதுவும் மஞ்சள். பிசிறு நின்றதை எடுத்தாள். பிசிறு இருந்தது, நீலம் இல்லை. ஐம்பதிலும் இல்லை.

பெரிய தொட்டிப் பொட்டலத்தில் ஒன்றை எடுத்தாள்.

நீலம்.

அடுத்தது நீலம். அடுத்தது நீலம். வைத்த பொட்டு வைத்தபடி, ஈரம்கூடப் படாமல்.

பெரியவள் பொட்டலத்தை மடித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"எங்க?" என்றார் பெரியவர் லேத்தடியிலிருந்து.

"மாத்திரை வாங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான். தலைவலி."

அது பொய்யில்லை.

மூடிய பட்டறையின் கதவில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குச் சின்னக் கதவு. காவல்காரர் அதன் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா?"

"உள்ள ஒரு தொட்டி மெஷின் இருக்கில்ல. அதைப் பார்க்கணும்."

"வாங்கறவரு பார்த்துட்டுப் போயிட்டாரே."

"நான் அவரு வீட்டுக்காரி."

"அப்படின்னு சொல்றீங்க."

"சந்தேகமா?"

"அதுக்குத்தானே எனக்குச் சம்பளம்."

பெரியவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பையிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்துக் காட்டினாள். அவர் அதைப் பார்த்ததும் நாற்காலியை நகர்த்தினார்.

"இதுதான். இதைத்தான் கொண்டாந்தாரு. வாங்க."

உள்ளே தூசி வாடை. பெரிய தொட்டி மூலையில் நின்றது. மூன்று ஆள் உட்காரலாம். பெரியவள் உள்ளே கையை விட்டுத் தடவினாள். காய்ந்த தூசி விரலில் ஒட்டியது. பக்கத்தில் கல் மூட்டை. அதன் வாய்த்தையல் பிரிக்கப்படவில்லை.

"இது கடைசியா எப்ப ஓடுச்சு?"

"கரண்ட்டை வெட்டி ரெண்டு மாசம் ஆச்சு."

"வியாழக்கிழமை ஓட்டினாங்களே."

"கரண்ட் இல்லாம ஓடினா அது மெஷின் இல்லம்மா. பேய்."

அவள் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"அவரு வந்தாரு. கரண்ட் இல்லன்னேன். வந்தவருக்கு முகத்துல ஈயாடலை. கொஞ்ச நேரம் இதையே தடவிக்கிட்டு நின்னாரு. அப்புறம் ஒரு ஸ்டூல் கேட்டாரு. அந்த ஜன்னல்கிட்ட போட்டு உக்காந்து, பையிலிருந்து அரத்தை எடுத்தாரு. எடுத்தவரு சாயங்காலம் வரைக்கும் வைக்கலை."

"என்ன பண்றீங்கன்னு கேக்கலையா?"

"கேட்டேன். வீட்ல இடமில்லையா சார்னு கேட்டேன். சிரிச்சாரு."

ஜன்னலடியில் பித்தளைத் தூள் மினுங்கியது. ஸ்டூல் இன்னும் அங்கேயே இருந்தது.

"ஒண்ணு சொல்லணும்மா. நானும் ஒரு காலத்துல ராவினவன்தான். ராவறவன் கையைப் பார்ப்பான். இவரு கையைப் பார்க்கவே இல்ல. ஜன்னலுக்கு வெளிய பார்த்துக்கிட்டே ராவறாரு. நாலு இழுப்பு, கட்டைவிரலால ஒரு தடவல். நாலு இழுப்பு, ஒரு தடவல். அது என்ன பழக்கம்?"

பெரியவளுக்கும் தெரியவில்லை.

திரும்பி நடக்கும்போது முதலில் வந்தது கோபம். இரண்டு வாரமாகத் தன் காதில் ஓதியவர். அடுத்தவள் தம்பியைத் திருடன் என்றவர். ஐம்பது புஷ்ஷையும் உட்கார்ந்து ராவி எடுத்துவந்து, கூசாமல், என்ன சொல்லுது லென்ஸ் என்று கேட்டவர். தொட்டி விற்கிறவனிடம் ஏதாவது வாங்கிக்கொண்டாரா? இருபது வருஷத்தில் முதல்முறையாக அவரைப் பற்றி அப்படி நினைத்தாள். நினைத்துவிட்டுத் தெருவிலேயே நின்றாள்.

ஏனென்றால் ஒன்று ஒட்டவில்லை.

ஏமாற்றுகிறவன் தடயத்தை விட்டுவைக்க மாட்டான். துளைக்குள் மை இருப்பதைப் பார்த்திருந்தால் ஒரு குச்சியில் துணியைச் சுற்றித் துடைத்திருப்பார். இரண்டு நிமிஷ வேலை. அவர் பித்தளையோடு பிறந்தவர். ஐம்பது புஷ்ஷைக் கையில் பிடித்து ராவியிருக்கிறார். ஐம்பதிலும் நீலம்.

ஏன் துடைக்கவில்லை?

பட்டறைக்கு வந்ததும் சின்னத் தொட்டிப் பொட்டலத்தை மறுபடி கொட்டினாள். இந்த முறை பிசிறைப் பார்க்கவில்லை. வெட்டிய முகத்தைப் பார்த்தாள். லேத்து வெட்டிய இடத்தில் மெல்லிய வட்டக் கோடுகள் நிற்கும். சின்னவர் நிதானமாக வெட்டுவார். கோடு நெருக்கமாக இருக்கும். பெரியவர் கை வேகம், கோடு அகலும். கையெழுத்தைவிட நிச்சயம். பதினோரு வருஷமாகப் பார்க்கிறாள்.

சுத்தமான இருபத்தைந்தும் நெருக்கக் கோடு.

பிசிறு நின்ற இருபத்தைந்தும் அகலக் கோடு.

தொட்டி ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. எல்லாப் புஷ்ஷுக்கும் ஒரே அடிதான் விழுந்திருக்கிறது. ஒரு லேத்தின் பிசிறு காகிதம் போல இருந்தது, போய்விட்டது. இன்னொரு லேத்தின் பிசிறு தகரம் போல இருந்தது, போகவில்லை. முனை மழுங்கிய டூலால் வெட்டினால்தான் அப்படி நிற்கும். மழுங்கியது கண்ணுக்குத் தெரிந்தால் யாரும் அந்த டூலால் வெட்ட மாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரிந்தால்.

சாப்பாட்டு வேளைக்குச் சின்னவரும் சின்னவளும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பெரியவர் தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"தலைவலி போச்சா?"

அவள் ராவிய புஷ் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது எப்படி இருக்கு, சொல்லுங்க."

கட்டைவிரல் விளிம்பைத் தடவியது. "அருமையா இருக்கு. அம்பதும் அருமைன்னு நீதானே சொன்னே?"

"பக்கத்துளைக்குள்ள பாருங்க."

அவர் புஷ்ஷைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கையை நீட்டினார். மடக்கினார். மறுபடி நீட்டினார்.

"சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாருங்க."

"சுத்தமா இருக்குங்கிறேன்ல?"

பகல் வெளிச்சத்தில், ஒரு கை தூரத்தில் இருந்த அவளுக்கே அந்த நீலம் தெரிந்தது.

"உள்ள மை இருக்குங்க" என்றாள். "நீல மை. நான் வச்சது."

அவர் கை இறங்கவில்லை. புஷ்ஷைப் பிடித்தபடியே இருந்தது. வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"ஆறு மாசம். நடுவுல ஒரு புகை மாதிரி. ஓரத்துல நல்லாத் தெரியுது. நேராப் பார்த்தா இல்ல."

"டாக்டர்கிட்ட?"

"போனா என்ன சொல்லுவாங்க? லேத்துல நிக்காதேம்பாங்க."

"அதனால?"

"பெரிய தொட்டின்னா பெரிய கல்லு. அடி பலமா விழும். என் பிசிறும் போயிடும்னு நெனைச்சேன். போயிட்டா யாருக்கும் தெரியாது. அங்க போனா கரண்ட் இல்ல." புஷ்ஷை மேசையில் வைத்தார். அதை ஓரத்துக்குச் சற்று வெளியே வைத்தார். அது விழுந்து உருண்டது. இருவரும் குனியவில்லை.

"அந்தப் பொண்ணோட தம்பியைத் திருடன்னீங்க."

"சொன்னேன்."

"என்னையும் நம்ப வச்சீங்க."

அவர் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு மணிக்கு என்ன சொல்லப் போறே?"

"தெரியலை."

"சின்னத் தொட்டி சரியில்லன்னு சொல்லிடு. ஒரு வார்த்தை. நீ சொன்னா யாரும் மறுபடி பார்க்க மாட்டாங்க."

அது உண்மை. லென்ஸ் பார்த்துவிட்டால் இந்தப் பட்டறையில் வேறு யாரும் பார்ப்பதில்லை.

சின்னத் தொட்டி சரியில்லை என்றால், பணத்தைப் புரட்டிப் பெரிய தொட்டியை வாங்க வேண்டும். அது ஓடுமா என்றே தெரியாது. திங்கட்கிழமை ஓடாவிட்டால் ஆர்டர் போகும். ஓடினாலும் சின்னவள் காலத்துக்கும் திருடனின் அக்கா. சரி என்றால், பிசிறு எந்த லேத்து என்ற அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் இவர் திங்கட்கிழமை எங்கே நிற்பார்?

மதியம் முழுக்க அவர் லேத்து ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தினமும் கேட்கிற சத்தம்தான். இன்றைக்கு வெட்டுகிற இடத்தில் ஒரு கிறீச் கேட்டது. முன்பே இருந்ததா, இன்றைக்குத்தான் காதில் விழுகிறதா, சொல்ல முடியவில்லை.

ஐந்து மணிக்கு இரண்டு லேத்தும் நின்றன. நான்கு பேரும் மேசையைச் சுற்றி வந்தார்கள்.

"சொல்லுங்க அண்ணி" என்றார் சின்னவர்.

பெரியவள் உருப்பெருக்கியைக் கழற்றி வைத்தாள்.

"சின்னத் தொட்டியை வாங்கலாம். பதினாறு லிட்டர்தான். ஆனா வேலை செய்யுது."

சின்னவள் நிமிர்ந்தாள். பெரியவர் அசையவில்லை.

"பாதிதானே அண்ணி சுத்தமாச்சு?"

"தொட்டி சரியா இருக்கு தம்பி. லேத்துதான் சரியில்ல."

"எந்த லேத்து?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் சின்னவரே பேசினார். கேள்வி கேட்டவரே அவசரமாகப் பதிலும் சொன்னார்.

"என்னோடதாத்தான் இருக்கும். டூல் மழுங்கியிருந்துச்சு. புதன்கிழமையே தீட்டியிருக்கணும், சோம்பேறித்தனமா விட்டுட்டேன். தப்பு என் மேலதான் அண்ணி."

பெரியவள் அவரைப் பார்த்தாள். மேசையில் அவர் புஷ் இருபத்தைந்தும் பளபளத்துக்கொண்டிருந்தன. தன்னுடையது எது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு பார்வையில் தெரியும்.

"பொய் சொல்லாதேடா" என்றார் பெரியவர்.

"அண்ணா..."

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

சின்னவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆக அவளுக்கும் தெரிந்திருக்கிறது. காலையில் அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாளே, அப்போதும் தெரிந்திருக்கிறது. பெரியவளுக்கு வெட்கமாக இருந்தது. உடனே வேறொன்றும் தோன்றியது. தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாள்?

"அதை விடுங்க அண்ணா. திங்கக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு லேத்தும் ஓடணும். அந்த ஆளு ரெண்டுலயும் எடுப்பாரு. அதைப் பேசுவோம்."

"என்ன பேசறது? ஒண்ணுல நீ. இன்னொண்ணுல யாரு?"



"நான் நிக்கறேன் மாமா" என்றாள் சின்னவள்.

பெரியவர், குரல் வந்த திசைக்கு முகத்தைச் சற்றுச் சாய்த்தார். ஓரக்கண்ணால் அவளைப் பிடிக்கப் பார்த்தார்.

"உனக்கு லேத்து ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்."

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான்" என்றார் சின்னவர். "ஞாயித்துக்கிழமைல. இந்த நாலு மாசமா. என்னைக்காவது உதவும்னு."

"என்னைக்காவது" என்று பெரியவர் திருப்பிச் சொன்னார். "எந்த லேத்துல?"

சின்னவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த லேத்துலடா?"

"உங்களோடதுலதான். அதுலதானே அண்ணா அவ நிக்க வேண்டி வரும்."

அன்பாகச் சொன்னாரா, கணக்காகச் சொன்னாரா? பெரியவள் அந்த முகத்தை உருப்பெருக்கி இல்லாமலே துருவினாள். நாலு மாசமாக ஞாயிற்றுக்கிழமைகளில், இவர் வீட்டில் படுத்திருக்கும் நேரத்தில், இவர் இடத்தில் ஒருத்தி நின்று பழகியிருக்கிறாள். விழப்போகிறவனைத் தாங்க ஆள் நிறுத்தினார்களா, இடம் காலியாகும் என்று ஆள் நிறுத்தினார்களா? கையில் வைத்துப் பார்த்துச் சொல்ல இது புஷ் இல்லை.

"மாமா, உங்களை எடுத்துட்டு நிக்கணும்னு இல்ல" என்றாள் சின்னவள். "திங்கக்கிழமை ஒரு நாள்தான்."

"ஒரு நாள்தான்" என்றார் அவர்.

தன் லேத்துக்கு நடந்தார். பத்தடி தூரம். எதிலும் இடித்துக்கொள்ளவில்லை, பாதை கால்களுக்குப் பாடம். சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்தார். திரும்பி வந்தார். தம்பியிடம் தரவில்லை. மனைவியின் கையைத் தேடிப் பிடித்து அதில் வைத்தார்.

"திங்கக்கிழமை இதை யாருகிட்டக் கொடுக்கணுமோ கொடு. இத்தனை வருஷமா எது போகும், எது போகாதுன்னு நீதானே சொல்றே?"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். சின்னவர் பின்னாலேயே ஓடினார்.

பட்டறையில் இரண்டு பெண்களும் மேசையும் மிஞ்சினார்கள்.

"அக்கா" என்றாள் சின்னவள். "நாளைக்கு ஒரு மணி நேரம் அதுல ஓட்டிப் பார்த்துக்கறேன். டூலைத் தீட்டணும்."

கையை நீட்டினாள். உள்ளங்கையில் காய்ப்புகள் இருந்தன. விரல் இடுக்கில் பித்தளைக் கீறல்கள். நாலு மாசத்தில் வருகிற அளவுக்கா, அதற்கும் மேலா?

பெரியவள் சாவியின் மேல் விரல்களை மூடிக்கொண்டாள்.